பதினேழாம் எண் வீட்டு உப்பு

உப்புக்காரருக்கு யாரும் சிலை வைக்கப்போவதில்லை என்பது கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. சிலைக்கு வேண்டிய நெற்றியோ மூக்கோ அவருக்கு அமையவில்லை. குதிரை மேல் உட்காரவைக்கலாம் என்றால், அவர் ஆயுள் முழுக்க உட்கார்ந்தது ஒரு சைக்கிள் மேல்தான். அந்தச் சைக்கிளின் பின்னால் இரண்டு பக்கமும் இரண்டு கித்தான் பைகள் தொங்கும். ஹேண்டிலில் ஒரு டிபன் கேரியர் ஆடும். கல்லில் செதுக்குவதற்குக் கொஞ்சம் சிரமமான உருவம். ஆகவே வரலாற்றையாவது எழுதிவைப்பது நல்லது.

சுகாதாரத் துறையில் அவர் வகித்தது கடைசிப் பதவி. அதற்குக் கீழே அந்தக் கட்டடத்தின் வாசற்படிகள் மட்டுமே இருந்தன. முதல் இருபது வருடம் கொசு ஒழிப்பதற்காகச் சாக்கடைகளில் எண்ணெய் ஊற்றினார். அந்தக் காலத்தில் தெருவில் அவருக்குப் பெயர் கொசுக்காரர். திருடனைப் பிடிப்பவரைத் திருடர் என்று யாரும் அழைப்பதில்லை. கொசு விஷயத்தில் மட்டும் உலகம் அந்த நியாயத்தைப் பார்க்கவில்லை. பிறகு மருந்து உப்பு வந்தது. அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை வந்தது. ஒரே மாதத்தில் கொசுக்காரர் உப்புக்காரர் ஆனார். இதை அவர் பதவி உயர்வாகவே கருதினார். அலுவலகப் பதிவேட்டில் அப்படி எதுவும் இல்லை என்று யாராவது சொன்னால், பதிவேட்டுக்காகப் பரிதாபப்படுவார்.

குடியிருந்தது பதினேழாம் எண் வீடு. முன்கட்டில் அவரும் மனைவியும். பின்கட்டில் தங்கையும் அவளுடைய எட்டு வயது மகளும். தங்கையின் கணவர் கப்பல் வேலையில் இருந்தார்; வருடத்தில் ஒரு மாதம் கணவராகவும் பதினோரு மாதம் கடிதமாகவும் இருப்பவர். மகளுக்குப் பள்ளியில் ஒரு நல்ல பெயர் இருந்தது. வீட்டில் வாலு என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

தங்கை தையல்காரி. அவள் மெஷினை வலது காலால் மட்டும் மிதிப்பாள். இடது கால் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் இருக்கும். யானைக்கால் நோய் வந்த கால் அது. முழங்காலுக்குக் கீழே தலையணை போலப் பருத்து, கணுக்கால் என்று ஒன்று இருந்த இடமே தெரியாமல் போயிருந்தது. தினமும் இரண்டு வேளை சோப்புப் போட்டுக் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றித் துடைத்து, ஸ்டூலில் தூக்கி வைப்பாள். துணி தைக்க வருகிறவர்கள் பார்க்காத மாதிரிப் பார்த்தால் அவளே ஆரம்பிப்பாள்: "அது பெரிய இடத்துக் கால். வேலை வெட்டி எதுவும் செய்யாது. உக்காந்து மேற்பார்வை பாக்கும்."

எல்லோரும் சிரிப்பார்கள். அவளுடைய அண்ணன் மட்டும் அந்த நேரம் பார்த்துச் சைக்கிளுக்குக் காற்று அடிக்கப் போய்விடுவார். அவளுக்கு முதன்முதலாகக் குளிர்காய்ச்சல் வந்து கால் வீங்கிய வருடம், அவர் ஊர்ச் சாக்கடைகளுக்கெல்லாம் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். தன் வீட்டுக் குளியலறைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் குழி ஒன்று இருந்ததை மட்டும் பார்க்கவில்லை. அது அவருடைய பொறுப்பு எல்லைக்குள் வரவில்லை. அலுவலக வரைபடத்தில் எல்லைக்கோடு குளியலறைச் சுவரோடு நின்றிருந்தது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. டயரில் காற்று மட்டும் எப்போதும் கல் போல இருக்கும். 

அந்த நோயைத் தருவது ஒரு நூல் புழு. அதன் குஞ்சுகள் மனித ரத்தத்தில் இருக்கும். கொசு ஒருவரைக் கடித்து, அந்தக் குஞ்சுகளை எடுத்துக்கொண்டுபோய் இன்னொருவரிடம் சேர்க்கும். குஞ்சுகள் பகலில் உடம்புக்குள் எங்கோ ஆழத்தில் ஒளிந்துகொண்டு, இரவில்தான் ரத்தத்தில் உலா வரும். எனவே சுகாதாரத் துறையும் இரவில்தான் விரல்களில் ஊசி குத்தியாக வேண்டும். அரசு ஊழியர்களை ராத்திரி வேலைக்கு வரவைத்த பெருமை அந்தப் புழுவையே சேரும். 

முதல் பரிசோதனையில் அந்தத் தெருவில் பதினோரு பேருடைய ரத்தத்தில் குஞ்சுகள் தெரிந்தன. பதினொன்றாவது ஆள் வாலு.

வாலுவுக்கு எந்த வலியும் இல்லை. காய்ச்சல் இல்லை. சுவர் ஏறிக் குதித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அன்று தங்கை எந்த ஜோக்கும் சொல்லவில்லை. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்து, மகளை நாற்காலியில் நிறுத்தி, இரண்டு கணுக்கால்களையும் சுற்றி அளந்தாள். தையல் சாக்கட்டியால் மெஷினுக்கு மேலே சுவரில் எழுதினாள். இரண்டும் ஒரே எண். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் அளப்பதும் எழுதுவதும் அந்த வீட்டின் வழக்கமாயிற்று. 

"பாப்பா கால் பாப்பா காலாவே இருக்கும்" என்றார் அண்ணன். "நான் இருக்கேன்ல."

"நீ இருந்தப்பதானே எனக்கும் வந்துச்சு" என்றாள் தங்கை. சும்மா வாய்த்துடுக்காகச் சொன்னதுதான். அவர் காற்று அடிக்கப் போய்விட்டார்.

அதற்கு முன்பு ஒரு தடவை மாத்திரை கொடுத்துப் பார்த்திருந்தார்கள். ரத்தத்தில் புழு இருப்பவர்கள் முழு அளவு மாத்திரை சாப்பிட்டால், செத்துப்போகும் குஞ்சுகள் போகிற போக்கில் காய்ச்சலும் தலைசுற்றலும் கொடுத்துவிட்டுப் போகும். தெரு உஷாராகிவிட்டது. மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, "முழுங்கிட்டேன், பாருங்க" என்று வாயைத் திறந்து காட்டும் வித்தையில் தெரு முழுக்கத் தேர்ச்சி பெற்றது. எதிர்வீட்டுச் சலூன்காரர்தான் அந்தக் கலைக்கு ஆசான்.

"நல்லா இருக்கறவனைப் படுக்க வெச்சுட்டு, குணமாயிருச்சுன்னு எழுதிட்டுப் போறானுங்க" என்பார் கத்தரியைத் தட்டிக்கொண்டே. 

அதனால்தான் உப்பு. அதே மருந்தை மிகச் சிறிய அளவில் சமையல் உப்போடு கலந்துவிடுவது. நிறம் மாறாது, மணம் மாறாது, ருசி மாறாது. கொதிக்க வைத்தாலும் மருந்துக்கு ஒன்றும் ஆகாது. ஒரு வருடம் எல்லோரும் சாப்பிட்டால் குஞ்சுகள் சத்தம் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேரும். சுகாதார நிலையத்து டாக்டரம்மா இதை விளக்கிவிட்டு, உப்புக்காரரிடம் பெருமையாகச் சொன்னார்: "மருந்தை ஒரு வருஷம் சாப்பிடறவங்க உலகத்துலயே கிடையாது. உப்பை ஒரு நாள் விடறவங்களும் கிடையாது. பாத்துக்கலாம்."

இந்த வாக்கியத்தை வாசகர் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

உப்புக்காரர் வேலை செய்த விதம் தனி. வீட்டில் இருக்கும் பழைய உப்பை ஜாடியோடு வாங்கி, ஒரு பையில் கொட்டிக்கொண்டு, மறுபையிலிருந்து மருந்து உப்பைப் போட்டுத் தருவார். வீட்டில் இரண்டு உப்பு இருந்தால் மனிதன் தப்பான உப்பைத்தான் எடுப்பான் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அப்படியும் தெரு விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு வீட்டில் மருந்து உப்பை மருந்துப் பெட்டியில் வைத்து, சாப்பாட்டுக்குப் பின் ஒரு சிட்டிகை வெந்நீரில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்கள். இன்னொரு வீட்டில், அரசாங்கத்துப் பொருள் என்று மரியாதையாக அலமாரியில் பூட்டி, விருந்தாளி வந்தால் மட்டும் எடுத்தார்கள். சலூன்காரருக்கு வேறு கவலை.

"உப்பண்ணே, இதத் தின்னா முடி கொட்டுமா?"

"கொட்டாது."

"வேகமா வளருமா?"

"அதுவும் இல்ல."

"அப்ப என் தொழிலுக்கு இதனால ஒரு பிரயோஜனமும் இல்ல. போட்டுட்டுப் போ."

அவருக்கு இன்னொரு கொள்கையும் இருந்தது. வேலை நேரத்தில் யார் வீட்டிலும் கை நனைக்கமாட்டார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால், அடுத்த நாள் அந்த வீட்டு ஜாடியைக் கறாராகச் சோதிக்க முடியாதாம். பாலில்லாத தேநீர் மட்டும் விதிவிலக்கு. அதில் உப்பு இல்லாததால் ஊழலும் இல்லை. மதியம் நூலகச் சுவர் ஓரமாகச் சைக்கிளை நிறுத்தி, மனைவி கொடுத்த கேரியரைத் திறப்பார்.

இனி அந்தக் கேரியரின் உள்ளே பார்க்கவேண்டும். 

உப்பு வந்து மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை, முதல் வாய் எடுத்து வைத்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது: சாப்பாட்டில் உப்பே இல்லை. சோற்றில் இல்லை, பருப்பில் இல்லை, காயில் இல்லை. மறந்திருப்பாள் என்று சாப்பிட்டார். மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாள் மீன். மீனே தான் கடலிலிருந்து வந்ததை மறந்திருந்தது. 

சொல்லியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு அவருடைய கல்யாணத்தைப் பற்றித் தெரியாது. இருபத்தாறு வருடங்களுக்கு முன், கல்யாணமான ஆறாவது நாள், மனைவியின் சொந்தக்காரர்கள் பதினான்கு பேர் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "உப்பு கொஞ்சம் கம்மி" என்று ஒரு தகவலாகச் சொன்னார். தகவல் அறிந்த மனைவி ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாவது நாள் பேசியபோது, பேசாமலே இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அன்றிலிருந்து அந்த வீட்டில் உப்பைப் பற்றி அவர் வாய் திறப்பதில்லை. நாட்டுக்கு உப்பைப் பற்றி நாள் முழுக்கப் போதிப்பார். வீட்டு வாசலோடு அந்த அதிகாரம் முடிந்துவிடும்.

தவிர, அவருக்கு ஒரு பயமும் இருந்தது. போன மழைக்காலத்தில் மனைவிக்கு இரண்டு வாரம் காய்ச்சல். எழுந்த பிறகு, "எதைத் தின்னாலும் மண்ணாட்டம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பாவம், நாக்கு போய்விட்டது போலிருக்கிறது, அவளுக்கே தெரியவில்லை என்று அவர் முடிவுகட்டினார். தெரிந்தால் உடைந்துபோவாள். அவளுக்கு இந்த உலகத்தில் கர்வம் என்று இருந்தது சமையல் ஒன்றுதான். எனவே தினமும் கேரியரைக் காலி செய்தார். இரவு தட்டில் போட்டதையும் காலி செய்து, "நல்லாருந்துச்சு" என்றார். 

நடந்தது என்னவென்றால், அந்தத் திங்கட்கிழமைதான் சுகாதார நிலையத்தில் ஊழியர்களுக்கு உடல் பரிசோதனை. உப்புக்காரரின் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றி இறுக்கியதும் அவர் மயங்கி விழுந்தார். நோய் என்றால் அவருக்கு அவ்வளவு பயம். ஒரு நோயின் பெயரைக் காலையில் சொன்னால், சாயங்காலத்துக்குள் அதன் எல்லா அறிகுறிகளையும் தயார் செய்துவிடுவார். டாக்டரம்மா அவரை எழுப்பி, "ஒண்ணுமில்ல, போங்க" என்று அனுப்பிவிட்டு, மறுநாள் மனைவியைத் தனியாக வரச்சொன்னார்.

"அவருக்கு பிரஷர் கொஞ்சம் கூட இருக்கு. அவர்கிட்ட சொல்லாதீங்க, பயந்தே ஏத்திக்குவார். உப்பைக் குறைங்க, போதும்."

குறைப்பது என்பது பிரியமில்லாதவர்கள் செய்கிற காரியம். மனைவி அடியோடு நிறுத்தினாள். சமைத்ததும், உப்புப் போடும் முன், கணவருக்கு உரியதை ஒரு சின்னத் தூக்கில் எடுத்து வைத்துவிடுவாள். பிறகு மற்றவர்களுக்கு மருந்து உப்பு போடுவாள். அவர் கேட்டால் என்ன சொல்வது என்று நான்கு விதமான பதில்களைத் தயாராக வைத்திருந்தாள். அவர் கேட்கவேயில்லை. முதல் மாதம் அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டாவது மாதம் குறுகுறுத்தது. மூன்றாவது மாதம், "இவருக்கு என் கைச்சமையலில் எதுவுமே தெரியவில்லையா, இத்தனை வருஷமும் இப்படித்தான் முழுங்கினாரா" என்று கவலையாகிவிட்டது. 

இப்படியாக, தினமும் முப்பது கிலோ உப்பைச் சைக்கிளில் மிதித்துக்கொண்டு, நூலகச் சுவர் ஓரமாக உப்பில்லாத சோற்றைப் பிசைந்து சாப்பிட்ட மனிதர் உலகில் அவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும். ஒரே ஒருநாள், பைக்குள் கை விட்டு ஒரு சிட்டிகை எடுத்தார். கையைப் பார்த்தார். அது தெருவுக்கு வந்த உப்பு. அதில் ஒரு சிட்டிகை குறைந்தால், குறைகிற சிட்டிகை வாலுவின் தட்டில் விழவேண்டியதாக இருந்துவிட்டால்? திருப்பிப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட்டார். 

வருடம் முடிந்தது. மறுபடியும் இரவில் வந்து, எல்லோருடைய விரலிலும் குத்தி ரத்தம் எடுத்தார்கள். முதல் பரிசோதனையின்போது உப்புக்காரர் விளக்குப் பிடிக்கும் பொறுப்பில் இருந்ததால் அவருடைய விரல் தப்பித்திருந்தது. கணக்கெடுப்பவரை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. இந்த முறை டாக்டரம்மா விடவில்லை. விளக்கை வாலு பிடித்தாள். உப்புக்காரர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். "மாமா, முடிஞ்சிருச்சு, கண்ணைத் தொறங்க" என்று அவள்தான் சொன்னாள்.

ஒன்பது நாள் கழித்து, வியாழக்கிழமை காலை, லேப்காரர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கிச் சொன்னார்: "உங்க தெரு பிரமாதம். பதினொண்ணுல பத்தும் காலி. மொத்தத்துல ஒரே ஒரு ஆளுக்குத்தான் இருக்கு."

"யாரு?"

"பதினேழாம் நம்பர் வீடு."

உப்புக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "வீட்டுல யாரு?"

"சீட்டு டாக்டரம்மா மேஜைக்குப் போயிருச்சு. அவங்க பன்னெண்டு மணிக்குத்தான் வருவாங்க. ஏன், தெரிஞ்ச வீடா?"

அவர் வெளியே வந்தார். பதினொன்றில் பத்து காலி என்றால் மிச்சம் ஒன்று. அந்தப் பதினொன்றில் பதினேழாம் எண் வீட்டு ஆள் வாலு ஒருத்திதான். கணக்கு அவருக்கு எப்போதும் வராது. அன்று வந்து தொலைத்தது. 

சைக்கிள் தானாக வீட்டுக்குப் போனது. பள்ளி விடுமுறை. வாலு வாசலில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே இந்நேரத்துல?" என்றாள் தங்கை, வாயில் ஊசியோடு. "டயர்ல காத்து போயிருச்சா? உனக்கா?"

"நாடாவைக் குடு."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்லியே."

அவர் வாலுவை நாற்காலியில் நிறுத்தி, கீழே முட்டிபோட்டு உட்கார்ந்து அளந்தார். வலது கணுக்கால். இடது கணுக்கால். மறுபடி வலது. இரண்டும் ஒன்றுதான். ஐம்பத்திரண்டு வாரமாகச் சுவரில் இரண்டு இரண்டாக இறங்கி வந்த எண்களும் அப்படியேதான் இருந்தன.

"மாமா, கூசுது" என்று காலை உதறினாள் அவள். 

தங்கை மெஷினை நிறுத்திவிட்டாள். அண்ணன் முகத்தைப் பார்த்தாள். "யாருக்கு?" என்றாள் மெதுவாக.

"தெரியல. பன்னெண்டு மணிக்குத் தெரியும்."

அவள் நாடாவை அவர் கையிலிருந்து வாங்கி, விரலில் சுற்றிச் சுற்றிச் சின்ன உருண்டையாக்கிக்கொண்டே இருந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு டாக்டரம்மா சீட்டைப் பிரித்து, கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"இது நீங்கதான்."

"நான்தான். பாப்பாவுக்கு மாமா. சொல்லுங்க."

"அட, புழு உங்களுக்குங்க. பாப்பா ரத்தம் சுத்தம். உங்க வீட்டு அம்மாவுக்கும் இல்ல, தங்கச்சிக்கும் இல்ல. உங்க ரத்தத்துலதான் இருக்கு. பதினொண்ணுல பத்துன்னு லேப்ல சொன்னது, ஒரு ஆள் வீடு மாறிப் போயிட்டார், அதனால அவரைப் பாக்கல."

"எனக்கா?" என்றார் உப்புக்காரர். "நிஜமா எனக்குத்தானா? பாப்பாவுக்கு இல்லியே?"

"இல்ல."

"அப்பாடா!"

ஒரு நோயின் பெயரைக் கேட்டு மயங்கி விழுகிற மனிதர், தன் ரத்தத்தில் புழு இருக்கிறது என்றதும் இரண்டு கைகளையும் கூப்பி, டாக்டரம்மாவுக்கும் லேப்காரருக்கும் மேஜை மேல் இருந்த மைக்ராஸ்கோப்புக்கும் நன்றி சொன்னார். சைக்கிளை எடுக்க மறந்து பாதித் தூரம் ஓடிவிட்டு, திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம் வந்தது. ஒரு வருடம் மருந்து உப்பு சாப்பிட்ட ரத்தத்தில் இவ்வளவு குஞ்சுகள் இருக்க வழியில்லை. உப்பு கொடுத்தவரே உப்பைச் சாப்பிடவில்லை. சாயங்காலம் நேராகப் பதினேழாம் எண் வீட்டுக்கு வந்துவிட்டார். டாக்டர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் தெருவும் கூடவே நுழையும். சலூன்காரர் ஒரு கன்னம் மட்டும் மழித்த வாடிக்கையாளரோடு வந்து நின்றார். 

"ஊருக்கெல்லாம் போதிச்சீங்க. நீங்க ஏன் சாப்பிடல?"

உப்புக்காரர் வாயைத் திறந்தார். அடுக்களை வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். பதினான்கு சொந்தக்காரர்களுக்கு முன் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு இருபத்தாறு வருடம் என்றால், தெருவுக்கே முன் சொல்லும் வாக்கியத்துக்கு ஆயுள் போதாது. அதுவும் நாக்கு போய்விட்ட ஒருத்தியை.

"வெளிய சாப்பிட்டேன் டாக்டரம்மா" என்றார். "தினமும். ஹோட்டல்ல. என் தப்புதான்."

வெளியே ஒரு வாய் சோறுகூடத் தொடாதவர் என்று ஒரு வருடமாகச் சேர்த்த பெயர் ஒரே நொடியில் போனது. சலூன்காரருக்கே மனது கேட்கவில்லை. 

"எந்த ஹோட்டல், உப்பண்ணே?"

"அது... அந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்?"

"ஹோட்டலா?" என்றாள் மனைவி. குரல் எல்லோரையும் பின்னால் ஓர் அடி தள்ளியது. "நான் விடியக்காலையில எந்திரிச்சு ஆக்கிக் குடுத்தது என்னாச்சு? கேரியர் தினம் வழிச்சு நக்குன மாதிரி காலியா வந்துச்சே, அதை யாரு தின்னது? சைக்கிளா?"

"நான்தான்..."

"ரெண்டு எடத்துலயும் தின்னீங்களோ? தின்னுட்டு இந்த உடம்போடயா இருக்கீங்க? பொய் சொல்லக்கூட ஒரு வக்கு வேணாமா?"

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். அவர் தலையைக் குனிந்திருந்தார். இருபத்தாறு வருடம் ஒருவரோடு குடித்தனம் செய்தால், குனிந்த தலையின் பின்பக்கத்தையும் படிக்க வந்துவிடும்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "உப்பில்லைன்னு தெரிஞ்சேதான் தின்னீங்களா?"

"மொத நாளே தெரியும்."

"ஒரு வருஷமா?"

"உனக்கு நாக்கு போயிருச்சுன்னு நெனச்சேன். சொன்னா வருத்தப்படுவே."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். சின்னத் தூக்கை எடுத்துக்கொண்டு வந்து டாக்டரம்மாவின் முன்னால் வைத்தாள். 

"தனியா இதுலதான் எடுத்து வெச்சேன், உப்புப் போடாம. நீங்கதானே டாக்டரம்மா சொன்னீங்க, அவருக்கு பிரஷரு, உப்பு ஆகாதுன்னு."

கூட்டம் டாக்டரம்மாவைப் பார்த்தது. 

சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை ரத்த அழுத்தப் பதிவேடு திறக்கும். வியாழக்கிழமை யானைக்கால் பதிவேடு திறக்கும். செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா உப்பைக் குறைக்கச் சொல்வார். வியாழக்கிழமை டாக்டரம்மா உப்பைச் சாப்பிடச் சொல்வார். இரண்டு டாக்டரம்மாக்களும் ஒரே நாற்காலியில், ஒரே கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தும், ஒரு வருடமாக ஒருவரை ஒருவர் சந்திக்கவில்லை. 

"குறைங்கன்னுதானே சொன்னேன்" என்றார் டாக்டரம்மா மெல்ல. "நிறுத்தச் சொல்லலியே." பிறகு, அவரும் நல்ல மனுஷி என்பதால், "நான்தான் யோசிச்சிருக்கணும்" என்றார். 

"அப்ப எனக்கு பிரஷரா?" என்றார் உப்புக்காரர். அதுவரை அந்தச் செய்தி அவரை எட்டியிருக்கவில்லை. "எனக்குத் தல சுத்துது."

"சுத்தாது. உக்காருங்க" என்று மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். உட்கார்ந்தார்.

மாத்திரை தரட்டுமா என்று டாக்டரம்மா கேட்டார். நாக்குக்கு அடியில் வைக்கும் கலையின் ஆசான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்ததால், மனைவி வேண்டாம் என்றாள். அப்படியானால் அளந்த உப்பு என்று முடிவாயிற்று. பிரஷருக்கு மேலே போகக்கூடாது, புழுவுக்குக் கீழே போகக்கூடாது. எதில் அளப்பது? கரண்டி பெரிது, கைச்சிட்டிகையை நம்பமுடியாது, அதுவும் மனைவியின் கையை. தங்கை தன் நடுவிரலிலிருந்து அங்குஸ்தானைக் கழற்றி நீட்டினாள். ஊசி குத்தாமல் இருக்கத் தையல்காரர்கள் விரல் நுனியில் மாட்டும் அந்தப் பித்தளைக் கூட்டை டாக்டரம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். உப்பை நிரப்பி, கைத் தராசில் நிறுத்துப் பார்க்க லேபுக்குக்கூட ஆள் அனுப்பினார்.

"ஒரு நாளைக்கு இதுல ரெண்டு. தலைதட்டி. குவியலா இல்ல."

அன்று இரவுச் சாப்பாட்டுக்குத் தெருவில் பாதி பேர் ஏதோ ஒரு வேலையாகப் பதினேழாம் எண் வீட்டுப் பக்கம் வந்தார்கள். மனைவி அங்குஸ்தானில் தலைதட்டி அளந்து, அவர் கண் முன்னாலேயே போட்டாள். சோறு, பருப்பு, ஒரு துண்டு மீன். அவர் பிசைந்து, முதல் வாயை எடுத்து வைத்தார். 

வாயை அசைக்கவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. வாலு எட்டிப் பார்த்து, "அத்தை, மாமா அழுவுறாரு" என்று அறிவித்தாள்.

"உப்பு எப்படி இருக்கு?" என்றாள் மனைவி.

தெரு மூச்சை அடக்கியது. உப்புக்காரர் விழுங்கினார். அவளைப் பார்த்தார். 

"கொஞ்சம் கூட" என்றார்.

ஒரு வருடமாக உப்பே படாத நாக்கு அது. அங்குஸ்தான் உப்பே அதற்குக் கடல். ஆனாலும் சொன்னது சொன்னதுதான். சலூன்காரர் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார். மனைவி தட்டிலிருந்து ஒரு பருக்கை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தாள். யோசித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல், சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

"இருபத்தாறு வருஷம் கழிச்சு இப்பதான் வாயத் தொறந்திருக்கீங்க. அதுவும் தப்பா. அளவு சரியாத்தான் இருக்கு. தின்னுங்க." 

தின்றார். மறுசோறு கேட்டார். மறுசோற்றுக்கு உப்பு கிடையாது என்று டாக்டரம்மாவின் பெயரால் மறுக்கப்பட்டது. 

அதற்குப் பிறகு அவருடைய ரத்தம் சுத்தமாகும் வரை வீட்டில் சில கெடுபிடிகள் இருந்தன. அவரைக் கடித்த கொசு வாலுவைக் கடிக்கக்கூடாது என்று தங்கை ஒரு கொசுவலை தைத்தாள். பொழுது சாய்ந்ததும் வாலு அவரை உள்ளே தள்ளி, நான்கு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகி, "மாமா, கை வெளிய நீட்டக்கூடாது" என்று அதட்டிவிட்டுப் போவாள். உப்புக்காரர் வலைக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கூண்டிலிருக்கும் ஒரு மரியாதைக்குரிய பறவையைப் போல வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். குளியலறைக்குப் பின்னால் இருந்த குழியை அவரே மண்ணும் கல்லும் போட்டு மூடி, மேலே நின்று மிதித்தார். தங்கை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "இப்பவாவது கண்ணுக்குத் தெரிஞ்சுதே" என்றாள். "என் காலை நெனச்சு இன்னும் எத்தனை வருஷம் அந்த டயருக்குக் காத்து அடிப்பே? வெடிச்சிரும், விட்டுரு." அவள் இவ்வளவு நாளும் எல்லாம் தெரிந்துதான் இருந்தாள். அவர் மண்வெட்டியைத் திருப்பி, குழியின் மேல் மண்ணை இன்னொரு தடவை தட்டினார்.

ஒரு வருடம் முடிந்து மறுபடி விரலில் குத்தினார்கள். வீடு மாறிப் போன அந்த ஆளையும் உப்புக்காரர் ஊர் முழுக்க விசாரித்துக் கண்டுபிடித்து, விரலோடு கூட்டிவந்திருந்தார். இந்த முறை லேப்காரர் முதலில் வீட்டு எண்ணைச் சொல்லும் தப்பைச் செய்யவில்லை. "யாருக்கும் இல்ல" என்றார். "ஒருத்தருக்கும் இல்ல. போங்க, போய்ச் சொல்லுங்க." 

அந்த ஞாயிற்றுக்கிழமையும் தங்கை நாடாவை எடுத்தாள். வாலுவின் கணுக்கால் இரண்டையும் அளந்தாள். இரண்டும் ஒரே எண். போன வருடத்தைவிட அரை அங்குலம் கூடியிருந்தது. வளர்கிற பிள்ளை. சுவரில் இடம் முடிந்துவிட்டதால், எழுதாமல் சாக்கட்டியை டப்பாவில் போட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் விரலில் ஊசி குத்திக்கொண்டாள்.

"அண்ணி, என் அங்குஸ்தானத் திருப்பிக் குடுங்க. வருஷம் ஒண்ணாச்சு. விரல் சல்லடையாயிருச்சு."

அடுக்களையிலிருந்து தலைதட்டும் சத்தம் கேட்டது. 

"இன்னும் ஒரு முப்பது வருஷம் பொறுத்துக்கோ. உங்கண்ணனுக்கு அளந்து முடிச்சுட்டுத் தரேன்."